பாய்ஸ் கம்பெனியின் சிதைவும் ஸ்பெஷல் நாடகத்தின் பரவலும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி கரிசல் வட்டாரத்தை முன்வைத்து

தமிழ் நாடக வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கம்பெனிகளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். ஒரு சபை எப்போது தோன்றியது, எவ்வெவ்வூர்களில் முகாமிட்டது, யார் யார் அதில் பயின்றனர், எப்போது கலைந்தது என்ற வரிசையில் அவ்வெழுத்து அமைகிறது. கம்பெனி கலைந்ததும் வரலாறும் நின்றுவிடுகிறது. அதன்பின் கிராமங்களில் நடந்த ஸ்பெஷல் நாடகம் கட்டுப்பாடு குலைந்த ஒரு மிச்சமாக மட்டுமே குறிப்பிடப்படுகிறது. மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி நிலப்பகுதியிலிருந்து பார்த்தால் இம்மதிப்பீடு பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

கம்பெனியின் எழுச்சி

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தோற்றுவித்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. முதலாளிகள் முதலிட, சுவாமிகள் ஆசிரியராக அமர்ந்தார். வயது வந்த நடிகர்கள் பாடத்துக்கும் ஒழுங்குக்கும் கட்டுப்படாமை கண்டே அவர் சிறுவர்களை நாடினார் என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். அவ்வாண்டிலேயே அச்சபையில் சேர்ந்த தி.க. சண்முகம், பிற்காலத்தில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் தன்வரலாற்றை எழுதினார். பாய்ஸ் கம்பெனியைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி அந்நூலின் வழியே வந்தது. கம்பெனிக்குள் வளர்ந்து, கம்பெனி நடத்தி, கம்பெனியை நேசித்த ஒருவரின் பார்வை அது என்பதை ஆய்வாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

கம்பெனி சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் பயிற்சியும் தந்தது. மாற்றாக அவனுடைய குரலையும் உழைப்பையும் எடுத்துக்கொண்டது. பெற்றோரோடு ஒப்பந்தம் செய்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டனர். அடி உதை பாடத்தின் பகுதியாகவே கருதப்பட்டது. பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். மூலதனம் முழுவதும் பூப்பெய்தாத குரல்களில் முடங்கியிருந்த தொழில் இது எனின் மிகையன்று.

சிதைவின் காரணங்கள்

சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குள், 1925 மார்ச் 31 அன்று, தி.க. சண்முகம் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். ஆசிரியரின் மறைவு, நடிகர்களின் பிரிவு, போட்டிக் கம்பெனிகளின் ஈர்ப்பு, 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வெளியானபின் பேசும்படத்தின் பெருக்கம் எனக் காரணங்கள் அடுக்கப்படுவது வழக்கம். இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றுக்கு முன்பே கம்பெனியின் அமைப்பிலேயே சிதைவு பொதிந்திருந்தது. அதன் பெயர் மகரக்கட்டு.

பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட்டாகப் புகழ்பெற்ற சிறுவன் கம்பெனிக்குப் பயனற்றவன் ஆனான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் விளங்கிய பி.யு. சின்னப்பா இதற்குத் தக்க சான்று. குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டு நீங்கிய அவர், இசை பயின்று, ஸ்பெஷல் நாடகங்களில் நடித்து, அதன்பின்னரே திரைக்குச் சென்றார். (அதே கம்பெனியில் பயின்ற ம.கோ. இராமச்சந்திரன் 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானார். அவ்வூரார் நாடக மேடையை நினைவில் வைத்து வாக்களித்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை.) இவ்வாறு வெளியேறிய ஒவ்வோர் இளைஞனும் பல நாடகங்களின் பாடல்களையும் வசனங்களையும் நெஞ்சில் சுமந்து சென்றான். உடையும் திரையும் முதலாளிக்குரியவை. பாடம் மட்டும் நடிகனோடு போயிற்று.

கரிசல் நாட்டின் தேவை

அந்தப் பாடத்தை வாங்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது? கம்பெனி ஓரிடத்தில் கொட்டகை அமைத்து வாரக்கணக்கில் டிக்கெட் விற்றாக வேண்டும். நெசவாளர்களும் வணிகர்களும் நிறைந்த அருப்புக்கோட்டை போன்ற ஊர் அதைத் தாங்கலாம். குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயிலைச் சூழ்ந்த திருச்சுழியோ, அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களோ தாங்கா. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் மிளகாயும் விளைவித்த நாடு இது. தையிலும் மாசியிலும் வெள்ளாமை வீடு சேரும். கையில் காசு புரளும் குறுகிய காலத்தில், பங்குனிப் பொங்கலும் சித்திரைத் திருவிழாவும் வந்துவிடும். தலைக்கட்டு வரி பிரித்து மாரியம்மனுக்குப் பொங்கலிடும் ஊருக்கு வேண்டியது ஓரிரவு நாடகம். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை.

ஸ்பெஷல் நாடகம் இத்தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணியளவில் மேடையில் கூடுவோர் விடிந்ததும் கலைந்து தத்தம் வழியே செல்வர். மறுநாள் வேறோர் ஊரில் வேறொரு கூட்டு. முன்பின் சேர்ந்து நடித்திராதவர்களும் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ ஆகியவற்றை இடறாமல் நடத்த முடிந்தமைக்குக் காரணம், அனைவருக்கும் பொதுவாய் இருந்த சுவாமிகளின் பாடமே. கம்பெனிக்கு ஒருமுறை நேர்ந்த கலைவு இங்கு இரவுதோறும் நிகழும் நடைமுறையாயிற்று.

பெண்கள் மேடைக்கு வந்து கூலி பெற்றதும் இவ்வமைப்பில் எளிதாயிற்று. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து பெற்ற புகழ் ஸ்பெஷல் மேடையின் புகழே. மதுரையில் 1923இல் நாடக நடிகர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். முதலாளி இல்லாத இடத்தில் முறைப்பாடு கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

தர்க்கம்

கலையும் குழுவுக்கும் நிலைக்கும் பாடத்துக்கும் உள்ள உறவு ‘வள்ளி திருமண’த் தர்க்கத்தில் தெளிவாகத் துலங்கும். வள்ளியும் நாரதரும், வள்ளியும் வேலனும் மாறி மாறி வினாத் தொடுத்து மடக்கும் பகுதி இது. பாட்டின் எல்லை தெரிந்ததே. அதற்கிடையில் எழும் சொற்போர் அன்றிரவுக்குரியது. எதிரில் நிற்பவர் நேற்றுவரை அறியாதவர் ஆகையால் கேள்வி எந்தத் திசையில் வரும் என்பது யாருக்கும் தெரியாது. நாள்தோறும் ஒரே துணையுடன் நடிக்கும் கம்பெனி நடிகருக்கு இக்கூர்மை வாய்ப்பது அரிது. கிராமத்தார் விடிய விடிய விழித்திருந்தது கதைக்காக அன்று. கதை அவர்களுக்கு மனப்பாடம். யார் யாரை மடக்குகிறார் என்பதற்காகவே காத்திருந்தனர்.

அமெரிக்க ஹிப்ஹாப் குழுக்களின் வரலாறு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அங்கும் எதிரெதிர் நின்று சொல்லால் மோதுவதே கலையின் உயிர். காம்ப்டன் நகரின் என்.டபிள்யூ.ஏ. குழுவிலிருந்து ஐஸ் கியூப் 1989இல் ஊதியப் பூசலால் விலகினார். 1991இல் குழு கலைந்தது. யார் எழுதிய வரி, யாருக்குப் பணம் என்ற வினா அங்கு ஒலிப்பதிவு உரிமையின் மீது எழுந்தது. மீனலோசனி சபையின் பிள்ளைகள் சிதறியபோது அவ்வினா எழவில்லை. சுவாமிகளின் பாடல்களைப் பாடுவதற்கு யாரும் யாரிடமும் இசைவு கேட்கவில்லை. இது கலைக்கு நன்மை. நூலாசிரியர் என்ற முறையில் அவருக்கு என்ன கிட்டியது என்பது வேறு வினா.

தனிநடிகரின் விடுதலையும் தனிமையும்

ஸ்பெஷல் அமைப்பை முற்றும் போற்றுவதற்கும் இடமில்லை. இவ்வட்டாரத்துச் சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸின் வாழ்க்கை இதன் இருபக்கத்தையும் காட்டும். வேலனாக நின்று, தினைப்புனத்துக் கொக்கை விரட்டும் பாட்டில் வெள்ளையரைச் சாடியவர் அவர். பலமுறை சிறை சென்றார். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசின் கையில் இருந்தது. ஒரு கம்பெனி இத்தகைய துணிவுக்கு எளிதில் இணங்கியிராது. தடை வந்தால் பலருடைய உலை அணையும். தனிநடிகர் தம் உடலை மட்டுமே பணயம் வைத்தார்.

ஆனால் அதே தனிமை அவரைக் காயப்படுத்தவும் செய்தது. அவர் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால் உடன் நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். கம்பெனியில் வேடம் பங்கிடுவது வாத்தியாரின் உரிமை. யாரும் மறுக்க இயலாது. ஸ்பெஷலில் ஒவ்வொருவரும் தம் இசைவைத் தாமே விற்றதால், சாதி காரணமாக அதை மறுக்கவும் முடிந்தது. நடிகர்கள் கம்பெனியிலிருந்து பெற்ற விடுதலைக்கு விசுவநாததாஸ் கொடுத்த விலை இது. கடன் நெருக்கிய போதும் அவர் நாடகம் ஏற்பதை நிறுத்தவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருந்தபோது, முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிய நிலையில் மேடையிலேயே உயிர்நீத்தார்.