கணக்கில் வராத புல்

மதுரையைக் கடந்து செல்லும் வைகை கடலைக் காண்பது அரிது. இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் பயணம் பெரும்பாலும் முடிந்துவிடும். வெள்ளம் மிகும் ஆண்டுகளில் மட்டும் எஞ்சிய நீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவைச் சேரும். அந்த ஆழமற்ற கடலின் அடியில் பரந்த புல்வெளிகள் உள்ளன.

கடற்புல் என்றதும் பாசி என்று எண்ணிவிட வேண்டாம். பாசிக்கு வேரில்லை. கடற்புல்லோ வேரூன்றி, நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். கடலோர மக்கள் தாழை என்பர். இறால் குஞ்சும் நண்டும் ஓரா மீனும் இதனுள் வளர்கின்றன. இதன் வேர்கள் கடலடி மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. கரியையும் மண்ணுக்குள் புதைத்து வைக்கின்றன. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு இதுவே உணவு. அது நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும்.

இக்கடலை ஆண்டவர்கள் எண்ணியதோ முத்தை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் முத்துக்கும் சங்குக்கும் கணக்கு வைத்தனர். புல்லுக்கு வரி ஏது? பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

முத்து ஓய்ந்த காலத்தில் இறாலின் விலை ஏறிற்று. அரசின் ஊக்கத்தோடு விசைப்படகுகள் பெருகின. முன்னேற்றம் என்று நாடே வாழ்த்தியது. ஆலய முற்றங்களில் நின்று நாமும் வாழ்த்தினோம். இழுவை மடி கடலடியைத் துழாவிச் சென்றபோது புல் வேரோடு பெயர்ந்தது. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. வெயிலின்றி மிஞ்சிய புல்லும் வாடும். கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கே உரியது என்கிறது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். சட்டம் இருக்கிறது, மீறலும் இருக்கிறது. விசைப்படகில் கூலிக்குச் செல்பவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது; மதுரைச் சந்தையில் மலிவான இறாலைத் தேடும் நமக்கும் இதில் பங்குண்டு.

கடற்பசுவை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் மேய்ச்சல் நிலத்தை இழந்த பசுவை அச்சட்டம் மட்டும் எப்படிக் காக்கும்? ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே அதற்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. புல் அழிந்த இடங்களில் மூங்கில் சட்டங்களில் தென்னங்கயிறு கட்டி, அதில் கடற்புல்லை முடிந்து, கடலடியில் நடும் முயற்சியும் இக்கடலில் நடந்துள்ளது. வலை பின்னிப் பழகிய கைகளுக்கு அந்த முடிச்சு புதிதன்று.