பிரதேச சபைகளும் சப்ரகமுவத் தோட்டக் குடியிருப்புகளும்

இலங்கையில் குடிமனைப் பெருக்கத்தை உள்ளூராட்சி மன்றங்கள் நெறிப்படுத்துதற்கு வழிவகுத்தது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். அனுமதியின்றி வீடு கட்டலாகாது. வீதிக் கோட்டை மீறிச் சுவர் எழலாகாது. ஆயின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அனுமதி கேட்கவேண்டிய இடம் துரையின் கந்தோராகவே இருந்தது. குடும்பம் பெருகியபோது லயத்தின் முன்புறம் தகரமிறக்கி ஓர் அறை சேர்ந்தது. அதற்கு வரைபடமுமில்லை, உறுதியுமில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டத்தின் உடைமையை மாற்றியதேயன்றி லயத்திற் குடியிருந்தோரை உடைமையாளராக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையெனக் கொள்ளப்பட்டது. தோட்ட மக்களின் வாக்கால் வென்ற உறுப்பினரும் தோட்டப் பாதைக்குக் கல்லிட இயலாதிருந்தமை விந்தையே. 2018இலேயே அதற்குத் திருத்தம் வந்தது.

இதற்கிடையில், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் இசைவும் வேண்டப்பட்டது. புதிய வீட்டை வினவிய அவ்விதி பழைய லயத்தை வினவவில்லை. 2016 மே மாதப் பெருமழையில் புளத்கொஹுபிட்டியக் களுபஹனத் தோட்ட லயத்தின்மீது மலை சரிந்து உயிர்கள் மாண்டன. அது அம்மக்கள் இடந்தெரிந்து கட்டிய வீடன்று. தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை.