கதிர்வீச்சு மீள்தாக்கத் தோலழற்சி

கதிர்வீச்சு சிகிச்சையால் வந்த புண் ஆறி, தோல் தேறிய பிறகு, வேறொரு மருந்து உடலுக்குள் போனதும் அதே இடம் மட்டும் மறுபடி அழல்வதே கதிர்வீச்சு மீள்தாக்கத் தோலழற்சி. அந்த மருந்து பெரும்பாலும் கீமோ மருந்தாக இருக்கும். அடிக்கடி வருவதன்று, ஆனால் வரும்போது நோயாளியை மட்டுமல்ல, மருத்துவரையும் குழப்பிவிடும்.

1959-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜூலியோ டான்ஜியோ, சிட்னி ஃபார்பர் ஆகியோரின் குழு ஆக்டினோமைசின்-டி மருந்தைக் கொடுத்தபோது இதை முதன்முதலில் பதிவு செய்தது. டாக்சோரூபிசின், டோசிடாக்சல், பாக்லிடாக்சல், ஜெம்சிடபைன், மெத்தோட்ரெக்சேட், கேபசிடபைன் எனப் பட்டியல் பின்னர் நீண்டது. காசநோய் மருந்துகளும் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும்கூட அதில் உண்டு.

இந்த அழற்சியின் தனி அடையாளம் அதன் எல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு மார்பிலும் அக்குளிலும் கதிர் பட்டிருந்தால், அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் அந்தப் பரப்போடு நின்றுவிடும். ஒட்டியுள்ள தோலுக்கு ஒன்றும் ஆகாது. சிவத்தல், வீக்கம், அரிப்பு, எரிச்சல், தோல் உரிதல் ஆகியவை அறிகுறிகள். கடுமையானால் கொப்புளமும் புண்ணும் வரும். நம்மவர்களின் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரிவதில்லை. கருத்துத் தடித்து, தொட்டால் சுடும். ஜெம்சிடபைன் தோலை விட்டுவிட்டு உள்ளே தசையைத் தாக்குவதும் உண்டு.

நரம்பில் ஏற்றும் மருந்தென்றால் சில நாட்களிலும், மாத்திரையென்றால் சற்றுத் தாமதமாகவும் தோன்றும். கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களிலும் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஏன் வருகிறது என்பதற்கு முடிவான விடை இல்லை. தோலின் மூல உயிரணுக்கள் குறைந்துபோனது, நுண்குழாய்களில் தங்கிவிட்ட மாற்றம், மருந்து ஒவ்வாமை என விளக்கங்கள் பல. ஒவ்வாமை என்ற விளக்கத்துக்கு ஓர் இடறல் உண்டு: அதே மருந்தை மறுபடி கொடுத்தபோது பலருக்கு எதுவும் வரவில்லை.

கிருமித்தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும், புற்றுநோயே திரும்பிவிட்டதோ என்று அஞ்சுவதும் வழக்கமான தடுமாற்றங்கள். இரண்டையும் விலக்கிப் பார்த்தே தீரவேண்டும். ஐயமிருந்தால் தோல் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். லேசானதென்றால் ஸ்டீராய்டு களிம்போடு அடங்கும். கடுமையானதென்றால் மருந்தை நிறுத்துவார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். தொடர்வதா, அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பது புற்றுநோயின் நிலையைப் பொறுத்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. நோயாளி தானாக நிறுத்தக்கூடாது.

கதிர்வீச்சை நம் ஊரில் 'கரண்ட் வைத்தது' என்பார்கள். அது உடலில் எந்த இடத்தில், எந்த ஆண்டில் நடந்தது என்று எழுதிய பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.