தமிழ் உளவியல் திகில் கதைகளில் காயப்பட்ட குழந்தைப் பருவம்

பேயையோ திருடனையோ நம்பாமல் மனித மனத்தின் இருட்டை நம்பி எழுதப்படுவது உளவியல் திகில் கதை. கொலை செய்தவர் யார் என்பதைவிட, அவர் ஏன் அப்படி ஆனார் என்பதே இதில் வாசகரைப் பிடித்து நிறுத்தும். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குத் தமிழில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைத்தது: சிறு வயதில் பட்ட காயம். அந்தக் காயம் யாருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்டது என்பதில்தான் இந்த வரலாறு அடங்கியிருக்கிறது.

விடை மருத்துவத்திலிருந்து வந்தது. 1896 ஏப்ரலில் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு ஓர் உரை நிகழ்த்தினார். தம்மிடம் வந்த மனநோயாளிகள் பலரின் துன்பத்துக்கு வேர், குழந்தையாக இருந்தபோது அவர்கள் அனுபவித்த பாலியல் கொடுமை என்றார். மறு ஆண்டே அந்தக் கருத்தைக் கைவிட்டார். குழந்தை சொல்வது நடந்ததா, கற்பனையா என்ற சந்தேகம் அதன்பின் வெகுகாலம் நீடித்தது. கதாசிரியர்கள் மருத்துவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ராபர்ட் பிளாக் 1959-ல் எழுதிய 'சைக்கோ' புதினத்தை ஹிட்ச்காக் அடுத்த ஆண்டே படமாக்கினார். அதில் தாயின் பிடியில் வளர்ந்த மகன் கொலைகாரன் ஆகிறான். 1962-ல் ஷெர்லி ஜாக்சன், ஊரால் ஒதுக்கப்பட்டுப் பெரிய வீட்டுக்குள் அடைந்து வாழும் அக்காள் தங்கையை வைத்து ஒரு புதினம் எழுதினார். தமிழ் எடுத்துக்கொண்டது ஹிட்ச்காக்கின் வழியை. ஜாக்சனின் சகோதரிகள் இங்கே வந்து சேர நெடுநாளாயிற்று.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978-ல் வெளிவந்தது. ஆதரவற்ற சிறுவன் ஒருவன்மேல் வீண்பழி விழுகிறது. பெண்களை வெறுக்கும் ஒரு பணக்காரர் அவனை எடுத்து வளர்க்கிறார். சோற்றோடு சேர்த்துத் தம் வெறுப்பையும் ஊட்டுகிறார். 1980-ல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' புதினத்தைத் தழுவிய படம் அது. தந்தையால் தாய் படும் துயரைக் கண்டு வளர்ந்த மகன், விலைமாதரைத் தேடிக் கொல்கிறான். அதே 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாற்றைத் தன் நோய்ப் பட்டியலில் முதன்முறையாகச் சேர்த்தது. இரண்டு படங்களிலும் கொல்லப்படுவோர் பெண்கள். அவர்களுக்கும் ஒரு சிறுவயது இருந்திருக்கும் என்ற நினைப்பே கதைக்கு வருவதில்லை.

இவற்றிலிருந்து சற்று விலகி நிற்பது கமல்ஹாசன் எழுதிய 'தாயம்'. 1980-களில் 'இதயம் பேசுகிறது' வார இதழில் தொடராக வந்த இக்கதை, 2001-ல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் 'ஆளவந்தான்' என்ற படமாயிற்று. விஜய், நந்து இருவரும் இரட்டையர். தாய் இறந்தபின் விஜய் உறவினரிடம் வளரப் போகிறான். நந்து தந்தையோடும் மாற்றாந்தாயோடும் தங்குகிறான். அவளது கொடுமை தாளாமல் அவளைக் கொன்று, மனநலக் காப்பகத்தில் அடைபடுகிறான். விஜயோ ராணுவ அதிகாரி ஆகிறான். ஒரே கருவில் பிறந்த இருவரை வேறு வேறு வீட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் இக்கதை. குணம் பிறப்பில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்று கேட்டு, வளர்ப்பின் பக்கம் சாய்கிறது. அண்ணன் தம்பி பாசம் கடைசிவரை அறுவதில்லை. தம்பியின் வருங்கால மனைவியைக் கொன்றாவது அவனைக் காக்க வேண்டும் என்றுதான் நந்து காப்பகத்திலிருந்து தப்புகிறான். ஆனாலும் குறை ஒன்று உண்டு. கொடுமைக்காரி என்றதும் நாட்டுப்புறக் கதைகளில் பழகிய மாற்றாந்தாய்தான் வந்து நிற்கிறாள். வீட்டுக்குள் குழந்தைக்குத் தீங்கு செய்பவர் சிரித்துப் பேசும் சொந்தக்காரராகவும் இருக்கலாம் என்பதை அக்காலக் கதைகள் அதிகம் தொடவில்லை.

காயப்பட்ட சிறுமியைத் தென்னிந்தியத் திரையில் கவனமாகக் காட்டியது மலையாளத்தின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993). பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த கங்காவின் தனிமையே அவளது நோய்க்கு வித்து. அதன் தழுவலாக 2005-ல் வந்த 'சந்திரமுகி'யில் மக்கள் மனத்தில் நின்றதோ ஆட்டமும் பாட்டும்தான்.

2012-ல் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டமான போக்சோ நடைமுறைக்கு வந்தது. உறவினரோ பாதுகாவலரோ குற்றம் செய்தால் அச்சட்டம் அதைக் கடுமையான குற்றமாகவே கருதுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022-ல், புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' இணையத்தொடரில் கடைசியாக அக்காள் தங்கை வந்தார்கள். வட மாவட்டங்களில், குறிப்பாக மேல்மலையனூரில், பெயர்பெற்ற மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கற்பனையான ஒரு மலையூரில் வைத்து நகர்கிறது கதை. தங்கை நிலா காணாமல் போகிறாள். தேடி வரும் அக்காள் நந்தினி, தான் சிறுவயதில் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய கொடுமையே தங்கைக்கும் நேர்ந்திருப்பதை அறிகிறாள். இங்கே காயப்பட்டவள் வழியில் போகிறவர்களைக் கொல்லும் வெறியாகவில்லை. 'நான் அன்றே வாய் திறந்திருந்தால் இவள் தப்பியிருப்பாளே' என்ற குற்றவுணர்வே அவளை வதைக்கிறது. கொலையை விட இது உண்மைக்கு நெருக்கமானது.

ஒரே வயிற்றில் பிறக்காமல் ஒரே கூரையின் கீழ் சகோதரிகளாக வளர்ந்தவர்களை மையமாக வைத்த உளவியல் புதினம் தமிழில் இன்னும் அரிது. வாழ்க்கையில் அவர்கள் அரிதல்லர். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்காதபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இன்றும் சிறுமியர் பெற்றோரைப் பிரிந்து, ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிட்டு வளர்கிறார்கள். அவர்களில் எவளாவது இரவில் விழித்துக் கிடந்தால், அதைப் பெரும்பாலும் முதலில் அறிவது பக்கத்துப் பாயில் படுத்திருப்பவள்தான்.