குளுக்கோஸ் மின்முனையிலிருந்து புற்றுநோய் உயிரியுணரி வரை: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1962இல் அறிமுகமான நொதி மின்முனை, கால் நூற்றாண்டுக்குள் நீரிழிவு நோயாளிகளின் கைக்கு வந்தது. அதே கருத்தில் கிளைத்த புற்றுநோய் உயிரியுணரிகளோ பெரும்பாலும் ஆய்வகத்திலேயே நிற்கின்றன. இவ்வேறுபாட்டுக்குக் கருவியின் குறை மட்டுமன்றி, அது அளக்கும் உயிர்க்குறிப்பானின் இயல்பும் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மின்வேதியியல் உயிரியுணரி, உயிர்க்குறிப்பான், நொதி மின்முனை, எதிர்ப்பொருள், பி.எஸ்.ஏ.

முன்னுரை

குறிப்பிட்ட மூலக்கூறு ஒன்றை இனங்காணும் உயிர்ப்பொருளும், அந்நிகழ்வை மின்குறிகையாக மாற்றும் மின்முனையும் இணைந்ததே மின்வேதியியல் உயிரியுணரி. இதன் வரலாறு பெரும்பாலும் உணர்திறனின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. அளக்கப்படும் பொருளின் வரலாற்றையும் உடன்வைத்துக் காண்பது தேவையாகிறது.

நொதி மின்முனையின் தோற்றம்

ஆக்சிஜன் மின்முனையை உருவாக்கிய லேலண்ட் கிளார்க், 1962இல் சாம்ப் லயன்சுடன் இணைந்து அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை அமைக்கும் கருத்தை வெளியிட்டார். நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றுகையில் குறையும் ஆக்சிஜனே குளுக்கோஸின் அளவைக் காட்டியது. 1984இல் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஆக்சிஜனுக்கு மாற்றாக ஃபெரோசின் சேர்மத்தை எலக்ட்ரான் கடத்தியாக்கினர். 1987இல் பேனா வடிவக் குளுக்கோஸ்மானி சந்தைக்கு வந்தது.

புற்றுநோய்க் குறிப்பான்கள்

இதே காலத்தில் மற்றொரு வரலாறும் நிகழ்ந்தது. 1963இல் அபெலெவ் குழுவினர் எலிகளின் கல்லீரல் புற்றில் ஆல்ஃபா-ஃபீட்டோ புரதத்தைக் கண்டனர். 1965இல் கோல்டும் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் சி.இ.ஏ. எனும் குறிப்பானை அறிவித்தனர். 1979இல் புராஸ்டேட் சுரப்பியின் பி.எஸ்.ஏ. புரதம் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இவற்றை அளக்கக் கதிரியக்க நோயெதிர்ப்புச் சோதனையும், 1971இல் வந்த எலைசா முறையும் பயன்பட்டன.

இணைப்பில் எழுந்த இடர்கள்

இக்குறிப்பான்களை மின்முனையில் அளப்பதில் இரு இடர்கள் எழுந்தன. முதலாவது, எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பற்றுவதால் மட்டும் மின்னோட்டம் பிறப்பதில்லை. எனவே நொதி பிணைத்த இரண்டாம் எதிர்ப்பொருள் தேவைப்பட்டது. இரண்டாவது, செறிவு. குருதியில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் உள்ளது. பி.எஸ்.ஏ.க்கு வழக்கமான எல்லையோ மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம். மூலக்கூற்று எண்ணிக்கையில் இது சில கோடி மடங்கு குறைவு. குருதியில் மிகுந்துள்ள ஆல்புமின் போன்ற புரதங்கள் மின்முனையில் படிந்து இச்சிறு குறிகையை மறைக்கவும் கூடும். பொன் நானோதுகள்களும் கார்பன் நானோகுழாய்களும் இவ்விடரைப் பெரிதும் தணித்தன.

அளவும் பொருளும்

எனினும், துல்லியமாக அளப்பதால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது. நீரிழிவில் குளுக்கோஸின் மிகையே நோயின் அளவுகோல். பி.எஸ்.ஏ.யோ புற்றில்லாத சுரப்பி வீக்கத்திலும் அழற்சியிலும் உயர்கிறது, சி.இ.ஏ. புகைபிடிப்போரிடமும் உயர்கிறது. அமெரிக்காவில் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்க 1986இலும், நோயைக் கண்டறிய உதவ 1994இலும் பி.எஸ்.ஏ. சோதனை ஒப்புதல் பெற்றது. ஆனால், மிகை நோயறிதலும் தேவையற்ற சிகிச்சையும் தரும் தீங்கைச் சுட்டி, அந்நாட்டுத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2012இல் பொதுச் சல்லடைச் சோதனைக்கு எதிராகப் பரிந்துரைத்தது. 2018இல் 55 முதல் 69 வயதினர் மருத்துவருடன் கலந்து முடிவெடுக்கலாம் எனத் திருத்தியது. மின்முனையின் உணர்திறன் ஆயிரம் மடங்கு கூடினும், இந்த ஐயப்பாடு அப்படியே எஞ்சும்.

முடிவுரை

ஆகவே, புதிய உயிரியுணரியை மதிப்பிடுகையில் கண்டறிதல் எல்லையை மட்டும் நோக்குதல் போதாது. புற்றில்லாத பிற நோயாளிகளின் குருதியிலும் அது சோதிக்கப்பட்டதா, பல குறிப்பான்களை ஒருங்கே அளக்கிறதா என்பனவும் வினவப்பட வேண்டும். நலமுள்ள ஒருவரைத் தவறாக அறுவை அரங்குக்கு அனுப்பாதிருப்பதும் தொடக்கநிலைக் கண்டறிதலின் கடமையே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.