கல்முனையின் வீட்டுத் தேவையும் காணிப் பற்றாக்குறையும்

வறிய குடும்பத்திடம் ஒரு துண்டுக் காணி இருக்கின்றது, கட்டுவதற்குப் பணம்தான் இல்லை என்ற எடுகோளின் மீதே இலங்கையின் வீடமைப்புக் கொள்கை பெரும்பாலும் வகுக்கப்பட்டு வந்துள்ளது. 1979 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் ஊடாக, 1984 இல் ரணசிங்க பிரேமதாச ஆரம்பித்த பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் கீழ் சிறு கடன்கள் வழங்கப்பட்டதும் இவ்வடிப்படையிலேயே. கிராமங்கள் பலவற்றில் அது பயனளித்ததை மறுப்பதற்கில்லை. கல்முனையில் அந்த எடுகோள் பொருந்தாது.

கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இடையே பெரியநீலாவணை முதல் சாய்ந்தமருது வரை நீளும் ஒடுங்கிய மணற்பரப்பிலேயே தமிழரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழ்கின்றனர். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடை செய்கின்றது. நெல்லுற்பத்தியையும் மாரி வெள்ளம் வடிவதையும் கருதினால் அத்தடை நியாயமானதே.

இதனுடன் இரு சமூகத்தவருக்கும் பொதுவான கிழக்கிலங்கை வழமையொன்றும் சேர்ந்துகொள்கின்றது. மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்க வேண்டும். மருமகன் பெண் வீட்டுக்கே குடிவருவார். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற மீனவரோ கூலித் தொழிலாளியோ தமது வளவை மூன்றாகப் பிரிக்கின்றார். அடுத்த தலைமுறையில் அது மேலும் துண்டாடப்படுகின்றது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளோ சாதாரண காணித்துண்டொன்று 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சசுக்குக் குறையலாகாது என விதித்தன. அதற்குக் குறைந்த துண்டில் கட்டுபவருக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கிடைப்பது அரிது. வரைபடமின்றி வங்கிக் கடனும் இல்லை. வீடமைப்புக் கடன் அதிகம் தேவைப்படுபவரே அதற்குத் தகுதியற்றவராகிவிடுகின்றார்.

2004 ஆழிப்பேரலை இந்நெருக்கடியை வெளிக்கொணர்ந்தது. அம்பாறை மாவட்டத்தில் 10,000 இற்கும் மேற்பட்டோர் பலியாகினர். கிழக்கில் 200 மீற்றர் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டபோது கரையோர மக்களுக்கு மாற்றுக் காணி எங்கே என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. தெற்கே, அக்கரைப்பற்றை அண்டிய நுரைச்சோலையில் (புத்தளத்து நுரைச்சோலையன்று) சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை ஒரு சமூகத்தவருக்கு மாத்திரம் வழங்கப்படலாகாதென்ற வழக்கில் 2009 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், பத்தாண்டுகளுக்கு மேலாக அவ்வீடுகள் ஆளில்லாமலே பாழடைந்தன. பணமும் வீடும் இருந்தும் பகிர்வு பற்றிய இணக்கம் முன்கூட்டியே காணப்படாததன் விளைவு இது.

கல்முனைக்கு உகந்தது நகரினுள்ளேயே அரச காணிகளில் மூன்று, நான்கு மாடித் தொகுதிகளாகும். ஆனால் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கத்தக்க உறுதி கிடைக்காவிடின் அடுக்குமாடியை இங்கு எவரும் வீடாகவே கருதமாட்டார்கள். மலசல வடிகாலுக்கும் படிக்கட்டுக்கும் பராமரிப்பு நிதியும் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

காணி பற்றிய பேச்செல்லாம் கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிணக்கில் சிக்கிக்கொள்வது வழமையாகிவிட்டது. காணியற்றோர் பட்டியலைக் கூட்டாகத் தயாரித்து, பகிர்வு விகிதத்தை அத்திவாரம் வெட்டுமுன் எழுத்தில் இணங்கிக்கொள்வதற்கு அப்பிணக்குத் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.