இருக்கையாக இருந்த ஆசனம்: யோக மரபில் ஒரு சொல்லின் வரலாறு

விருந்தினருக்கு ஆசனம் அளித்தார்கள் என்று பழைய கதைகளில் படிக்கிறோம். அரசன் அமர்வது அரியாசனம். தமிழில் இந்தச் சொல் இன்றும் உட்காரும் இடத்தையே முதலில் குறிக்கிறது. வடமொழியில் இதன் வேரான ‘ஆஸ்’ என்பதற்கும் உட்கார்தல் என்றுதான் பொருள். ஆனால் யோகா வகுப்பு என்றவுடன் இதே சொல் நிற்பது, வளைவது, தலைகீழாக நிற்பது எல்லாவற்றையும் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. உட்காரும் இடம் எப்போது உடலின் நிலையாயிற்று, அந்த நிலை எப்போது தொடர்ந்த இயக்கமாயிற்று என்று தேடிப் போனால், யோகத்தின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியில் நாம் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதும் தெரிகிறது. இக்கட்டுரையின் அக்கறை அதில்தான்.

கடோபநிடதம் உடலைத் தேராகவும் அறிவைத் தேர்ப்பாகனாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் புலன்களைக் குதிரைகளாகவும் உருவகிக்கிறது. புலன்களை அசையாமல் நிறுத்துவதே யோகம் என்று அங்கே சொல்லப்படுகிறது. உடற்பயிற்சி பற்றிப் பேச்சே இல்லை. சுவேதாசுவதர உபநிடதம் ஒரு படி மேலே சென்று, மேடுபள்ளமில்லாத தூய இடத்தில் உடலை நேராக வைத்து மூச்சை அடக்கச் சொல்கிறது. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் இருக்கையின் உயரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. மிக உயரமாகவும் இருக்கக் கூடாது, மிகத் தாழ்வாகவும் இருக்கக் கூடாது. தருப்பை, தோல், துணி ஆகியவற்றால் அதை அமைக்க வேண்டும். கீதையில் ஆசனம் என்பது கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு பொருள்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில்தான் அந்தப் பொருள் உடலின் இருப்பு நிலையாக மாறுகிறது. இந்நூலைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வைக்கிறார்கள். பாட வேறுபாட்டைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள் கொண்ட நூலில் ஆசனத்தைப் பற்றி வருபவை மூன்றே. இருப்பு நிலையாகவும் சுகமாகவும் அமைய வேண்டும், முயற்சி தளர வேண்டும், அப்போது குளிர், வெப்பம் போன்ற இரட்டைகளின் தாக்குதல் குறையும் என்பதே அவற்றின் சாரம். வியாசரின் பெயரில் வழங்கும் உரை பத்துப் பன்னிரண்டு ஆசனங்களின் பெயரைச் சொல்கிறது. அவற்றுள் நின்று செய்வது ஒன்றும் இல்லை.

யோகம் என்றால் ‘இணைதல்’ என்ற விளக்கத்தைப் பலரும் சொல்லக் கேட்கிறோம். பதஞ்சலிக்கு அது பொருந்தாது. அவருடைய தத்துவ அடித்தளம் சாங்கியம். அறிகிறவனாகிய புருடனும் அறியப்படும் இயற்கையும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதே துன்பத்துக்குக் காரணம். அக்குழப்பம் நீங்கிப் புருடன் தனித்து நிற்பதே கைவல்யம். ஆக அவருடைய இலக்கு பிரித்தறிதல். உரையாசிரியரும் யோகம் என்பதற்குச் சமாதி என்றே பொருள் சொல்கிறார். இணைதலைப் பேசும் யோகமும் உண்டு, அதற்கு நாம் திருமூலரிடம் வர வேண்டும்.

திருமூலர் வைத்த வரிசை

பன்னிரு திருமுறைகளில் பத்தாவதாகிய திருமந்திரத்தின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்பது தந்திரங்களாக அமைந்த அந்நூலின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரிவாகப் பேசுகிறது. தில்லை மன்றைத் தொழுத பதஞ்சலியைத் திருமூலர் தம்மோடு சேர்த்து எண்ணும் எண்மருள் ஒருவராகக் குறிப்பிடுகிறார். சூத்திரம் செய்த பதஞ்சலியும் அவரும் ஒருவரே என்று வரலாற்று நோக்கில் நிறுவ முடியாது. ஆனாலும் தமிழ்ச் சைவ மரபு யோகத்தைத் தன் குடும்பச் சொத்தாகவே கருதியது என்பதற்கு இது நல்ல சான்று.

திருமூலர் ஆசனத்தை ‘ஆதனம்’ என்கிறார். பலவற்றுள் சிறந்தவையாகப் பங்கயம், பத்திரம், கோமுகம், கேசரி, வீரம், சுகாதனம், சுவத்திகம் போன்ற சிலவற்றின் பெயரைச் சொல்லிவிட்டு விரைவாகக் கடந்துவிடுகிறார். நின்று பேசுவது மூச்சைப் பற்றி. அவர் காட்டும் முடிவோ சாங்கியத்தின் தனிமை அல்ல, சிவத்தோடு கூடுதல்.

ஆனால் இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது ஆதனத்துக்கு முன் வரும் பகுதி. எட்டு உறுப்புகளில் முதலாவதாகிய இயமம் என்ற ஒழுக்க நெறியைப் பதஞ்சலி ஐந்தாக வகுத்தார்: கொல்லாமை, வாய்மை, களவாமை, பிரமசரியம், பொருள் குவிக்காமை. பிறப்பு, இடம், காலம், சூழல் எதுவும் இவற்றுக்கு விலக்கு ஆகாது என்பதால் இவற்றை மாவிரதம் என்றார். திருமூலரிடம் இது பத்தாகிறது. கொல்லாமையும் பொய்யாமையும் களவாமையும் அங்கும் உண்டு. கூடவே அடக்கம், நடுவுநிலை, கள்ளுண்ணாமை ஆகியவையும் வருகின்றன. இவற்றோடு பகுத்துண்ணல் என்ற ஒன்றும் இருக்கிறது. இருப்பதைப் பிறரோடு பங்கிட்டு உண்ணத் தெரியாதவன் யோகத்தின் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை என்பது இதன் பொருள். பதஞ்சலியின் ஐந்தில் இதற்கு நேரான ஒன்றை நான் காணவில்லை. யோக மரபுக்குத் தமிழ் தந்த கொடைகளில் இதையே தலையாயதாக நான் மதிக்கிறேன்.

மூன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு

ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டிலிருந்து வேறொரு நீரோட்டம் நூல்களில் தெரியத் தொடங்குகிறது. உடலுக்குள் இருக்கும் விந்துவையும் வாயுவையும் முத்திரைகளாலும் பந்தங்களாலும் மேல்நோக்கித் திருப்பும் முறைகளை அமிர்தசித்தி என்ற நூல் விளக்குகிறது. பின்னர் ஹட யோகம் என்று பெயர் பெற்றது இந்த நெறிதான். அதன் சிறந்த தொகுப்பு 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் செய்த ஹட பிரதீபிகை. இதில் 15 ஆசனங்கள் விளக்கப்படுகின்றன. உடலைக் கைகளின் மேல் தாங்கும் மயூராசனமும் குக்குடாசனமும் அவற்றுள் உண்டு. உட்காருவதற்கென்று இருந்த சொல் இங்கே உட்காராத நிலைகளையும் தன்னுள் அடக்கிக்கொண்டுவிட்டது.

எண்ணிக்கையைவிடக் கவனிக்க வேண்டியது வரிசை. ஹடத்தின் முதல் உறுப்பு ஆசனம் என்று சுவாத்மாராமர் வெளிப்படையாகச் சொல்கிறார். பதஞ்சலியிடமும் திருமூலரிடமும் மூன்றாவதாக இருந்தது இங்கே முதலாவதாகிவிட்டது. இயமமும் அதையடுத்து இரண்டாம் உறுப்பாக இருந்த நியமமும் தனி உறுப்புகளாக நிற்கவில்லை. போகிற போக்கில் பேசப்படுகின்றன. பின்னர் வந்த கேரண்ட சம்கிதை 32 ஆசனங்களை விளக்குகிறது. அது வகுத்த ஏழு உறுப்புகளிலும் இயமம், நியமம் என்ற தலைப்புகள் இல்லை.

இதை ஒழுக்கத்தைக் கைவிட்டதாகப் படிப்பது தவறு. இந்நூல்கள் பெரும்பாலும் குருவிடம் தீட்சை பெற்றவரையும் துறவு பூண்டவரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கொல்லாமையும் பொருள் துறத்தலும் அவர்களுடைய வாழ்க்கை முறையிலேயே அடங்கியிருந்தன. தனியே பாடமாகச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை என்றே நான் கருதுகிறேன். அளவுக்கு மீறிய உணவும் வீண்பேச்சும் யோகத்தைக் கெடுக்கும் என்று ஹட பிரதீபிகை எச்சரிப்பதும் அந்தப் பின்னணியில்தான். சிக்கல் பின்னால் வந்தது. துறவிக்கென்று எழுதிய நூலின் உடற்பயிற்சிப் பகுதி மட்டும் இல்லறத்தாரிடம் வந்து சேர்ந்தபோது, நூல் சொல்லாமல் விட்ட அடித்தளம் கூடவே வரவில்லை.

மைசூர் அரண்மனையும் சென்னையும்

1893இல் சிகாகோ சென்ற விவேகானந்தர் 1896இல் வெளியிட்ட ‘ராஜயோகம்’ பதஞ்சலியை மேலைநாட்டார்முன் நிறுத்தியது. அந்தப் பயணத்துக்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலானோர் பணம் திரட்டியதை இங்கு நினைவுகூர வேண்டும். விவேகானந்தருக்கு ஹட யோகத்தில் ஈடுபாடு இல்லை. உடலை வளர்ப்பதோடு நின்றுவிடும் பயிற்சி என்று அதை ஒதுக்கினார். ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது அவர் ஒதுக்கிய பகுதியே.

அதற்குக் காரணமான இடங்களில் மைசூர் முதன்மையானது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்ற நூலில் 122 ஆசனங்கள் ஓவியங்களாக இருக்கின்றன. அதே அரண்மனையில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933இல் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை தொடங்கியது. அடுத்த ஆண்டு அவருடைய ‘யோக மகரந்தம்’ கன்னடத்தில் வெளிவந்தது. பெரும்பாலும் சிறுவர்களும் இளைஞர்களுமே அங்கே மாணவர்கள். ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு மூச்சோடு இணைந்து தாவும் வின்யாச முறை அவர்களுக்காக வளர்ந்தது. பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் இருவரும் அங்கே பயின்றவர்கள். 1930களின் பிற்பகுதியில் இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண்ணும் சேர்ந்தார். 1966இல் வெளியான ஐயங்காரின் புகழ்பெற்ற ஆங்கில நூல் 200 ஆசனங்களை விளக்கியது. மூன்று சூத்திரங்களில் அடங்கியிருந்த ஒன்று இவ்வளவாக விரிந்துவிட்டது.

இந்த இயக்க வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடந்தது. மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸும் உடல்வளர்ப்புக் கலையும் தந்த பாதிப்பு பெரிது என்று மார்க் சிங்கிள்டன் 2010இல் எழுதினார். பின்னர் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடாப்யாசபத்ததி என்ற சுவடியை ஜேசன் பர்ச் ஆராய்ந்தார். அதில் 112 ஆசனங்கள் இருந்தன. கயிற்றைப் பிடித்துச் செய்பவையும் அசைந்து செய்பவையும் அவற்றுள் உண்டு. ஸ்ரீதத்துவநிதியின் ஓவியங்களுக்கும் இந்நூலுக்கும் தொடர்பு இருப்பதும் தெரியவந்தது. ஆகவே அசையும் ஆசனங்கள் முழுக்க இறக்குமதி என்பது நிற்காது. அதே சமயம், அவுந்து அரசர் 1920களில் உடற்பயிற்சியாகப் பரப்பிய சூரிய நமஸ்காரத்தை வேத காலத்திலிருந்து இன்றைய வடிவில் வருவதாகச் சொல்வதற்கும் சான்று இல்லை. மரபு புதியதை ஏற்றுக்கொண்டே வளர்ந்திருக்கிறது. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

மைசூரின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். அதன் தொடர்ச்சி சென்னையில் நடந்தது பற்றி அவ்வளவு பேச்சில்லை. 1950இல் யோகசாலை மூடப்பட்டபின், 1952இல் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். 1989இல் நூறு வயதில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். இங்கு அவரிடம் வந்தவர்கள் துள்ளும் சிறுவர்கள் அல்லர். நோயாளிகள், முதியவர்கள், வீட்டுப் பொறுப்புள்ள பெண்கள். அவருடைய முறை அவர்களுக்கேற்ப மாறியது. ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்து, வயது, உடல்நிலை, வேலை எல்லாம் விசாரித்து, அவருக்கென்று பயிற்சி வகுத்தார். ஆளுக்குத் தக்க யோகம் என்ற இந்தக் கொள்கையை முன்வைத்தே அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவினார். என் பார்வையில் கிருஷ்ணமாச்சாரியாரின் முதிர்ந்த படைப்பு மைசூர் வின்யாசம் அன்று, இந்தச் சென்னைக் காலம்.

இல்லறத்தாரின் யோகம்

2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஐ யோகா நாளாக அறிவித்தது. 177 நாடுகள் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. உடல்நலப் பயன்களுக்கும் மருத்துவ ஏற்பு உண்டு. நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தில்லாமல் முதலில் முயன்று பார்க்கத்தக்கவற்றுள் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுநெறி சேர்த்தது. எச்சரிக்கையும் தேவை. கண்ணழுத்த நோய் உள்ளவர் சிரசாசனம் செய்தால் கண்ணின் அழுத்தம் மேலும் கூடும். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்பது ஆளுக்குத் தக்க யோகம் என்ற கொள்கைக்கே மாறானது.

தத்துவத்தை அன்றாடத்தில் பொருத்த, பதஞ்சலியின் ஓர் அறிவுரையே போதிய தொடக்கம். மகிழ்ந்திருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம், நல்லது செய்பவரிடம் உவகை, தீயது செய்பவரிடம் மனத்தை ஈடுபடுத்தாமை என்று நான்கு பாவனைகளை மனத்தெளிவுக்கு வழியாக அவர் காட்டுகிறார். உடன் வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு வந்த அன்று நம் மனம் என்ன செய்கிறது என்று பார்த்தால், இதில் முதலாவது எவ்வளவு கடினமான பயிற்சி என்பது விளங்கும். எந்த ஆசனமும் அவ்வளவு கடினமில்லை.

இப்பணியைத் தமிழில் முறைப்படி செய்து காட்டியவர் வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், மனவளக்கலை என்ற தம் முறையில் தியானத்தோடும் எளிய உடற்பயிற்சியோடும் அகத்தாய்வைச் சேர்த்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று அறிதல் என்பவை அதன் பாடங்கள். ஆசையை அறுக்கச் சொல்லாமல் சீரமைக்கச் சொன்னதில் இல்லறத்தான் ஒருவனின் அனுபவம் பேசுகிறது. யாரிடம், எதற்காக, எத்தனை முறை சினந்தோம் என்று தாளில் எழுதிப் பார்க்கும் பயிற்சி, துறவிகளின் நூல்கள் சொல்லாமல் விட்ட இயமத்தைக் குடும்பத்தாருக்கு மீட்டுத் தருகிறது. இன்றைய ஆய்வாளர்கள் மைசூருக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது மனவளக்கலைக்கும் தர வேண்டும்.

யோகா கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் வகுப்பில் விரிப்பை விரிக்கும் முன், திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தின் இயமப் பகுதியை மாணவரோடு சேர்ந்து படியுங்கள். அதற்கு வடமொழி தெரிய வேண்டியதில்லை, கால் மணி நேரம் போதும். ஆதனம் அதற்கு இரண்டு படிகள் தள்ளித்தான் வருகிறது.